பழைய நெடுந்தூர லாரிகளின் நீலப் பலகை: டி.ஐ.ஆர் முறை எப்படி இயங்கியது?

1960களிலும் 1970களிலும் ஐரோப்பாவிலிருந்து தெஹ்ரான், பாக்தாத், தோஹா, காபூல் வரை ஓடிய லாரிகளின்மீது இன்றும் தீராத பற்று வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் உண்டு. வோல்வோ எஃப் 88, இரண்டு படுக்கைகள் கொண்ட கேபினுடன் 1962இல் வந்த டாஃப் 2600, 14 லிட்டர் வி8 எஞ்சினுடன் 1969இல் வந்த ஸ்கேனியா 140 ஆகியவற்றின் படங்களை அவர்கள் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள். துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளை மீட்டு, மறைந்துபோன நிறுவனங்களின் வண்ணத்தை மறுபடியும் பூசி, கண்காட்சிகளுக்கு ஓட்டி வருகிறார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் தவறாமல் ஒன்று தென்படும்: நீல நிறப் பலகையில் வெள்ளையாக டி, ஐ, ஆர் என்ற மூன்று ரோமன் எழுத்துகள். 'சர்வதேசச் சாலைப் போக்குவரத்து' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள் அவை.

இந்தப் பலகையைப் பற்றிப் பேச்சுவாக்கில் மூன்று விளக்கங்கள் உலவுகின்றன. அது ஒரு பெரிய போக்குவரத்து நிறுவனத்தின் பெயர் என்பது முதலாவது. அது இருந்தால் எந்த எல்லையிலும் சோதனை கிடையாது, லாரி நிற்காமல் போய்விடும் என்பது இரண்டாவது. எந்த நாட்டுக்குள்ளும் லாரி ஓட்டிச் செல்ல அதுவே உரிமம் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. ஆனாலும் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உண்மையைத் தொட்டுக்கொண்டு நிற்பதால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன. துருக்கியிலும் இத்தாலியிலும் பெரிய லாரிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதும் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

அந்தக் காலத்து நெடும்பயணங்களை நினைப்பவர்கள் எஞ்சினையும், மலைப்பாதையையும், ஓட்டுநரின் துணிவையும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியவைதான். ஆனால் அந்தப் பயணத்தைத் தொழிலாக நடத்த முடிந்ததற்குக் காரணம் ஒரு கட்டுத் தாளும், அந்தத் தாளுக்குப் பின்னால் நின்ற ஜாமீனும் என்பது என் கருத்து.

சிக்கல் எங்கே இருந்தது?

இறக்குமதி வரி என்பது ஒரு நாட்டுக்குள் வரும் பொருள் அந்த நாட்டிலேயே விற்கப்படும்போது அல்லது பயன்படும்போது அந்த அரசுக்குச் சேர வேண்டிய பணம். பொருள் ஒரு நாட்டின் வழியாகப் போகிறதே தவிர அங்கே தங்கவில்லை என்றால் அதற்கு வரி இல்லை. இப்படி ஒரு நாட்டை ஊடறுத்துச் செல்வதை 'வழிக்கடப்பு' என்று இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

1973இல் எண்ணெய் விலை ஏறியபின் ஈரானும் வளைகுடா நாடுகளும் தொழிற்சாலைகளையும் நகரங்களையும் வேகமாகக் கட்டத் தொடங்கின. அங்கிருந்த துறைமுகங்களால் அந்த வரத்தைத் தாங்க முடியவில்லை. கப்பல்கள் சரக்கை இறக்க வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கடலில் நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்தன. ஓர் இயந்திரத்தின் உதிரிப்பாகம் வராமல் முழு ஆலையே நிற்கும்போது, கப்பலைவிடப் பல மடங்கு செலவானாலும் லாரியில் அனுப்புவதே மலிவு என்று ஆனது.

இங்கிலாந்திலிருந்து கிளம்பிய லாரி ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, யுகோஸ்லாவியா, பல்கேரியா வழியாகத் துருக்கிக்குள் நுழையும். இஸ்தான்புல்லில் 1973 அக்டோபரில் பாஸ்பரஸ் பாலம் திறக்கப்படும்வரை அங்கேயும் ஒரு படகுப் பயணம் இருந்தது. பிறகு அங்காரா, எர்சுரும், தாஹிர் கணவாய், ஆராரத் மலையடிவாரம், ஈரானின் பஸார்கான் எல்லை, தப்ரீஸ், தெஹ்ரான். இந்த வழியில் ஒவ்வோர் அரசுக்கும் ஒரே அச்சம்தான்: தெஹ்ரானுக்கு என்று சொல்லி உள்ளே வரும் சரக்கு, வரி கட்டாமல் நம் ஊர்ச் சந்தையிலேயே இறங்கிவிட்டால்?

அந்த அச்சத்தைப் போக்கச் சுங்கத்துறைகளிடம் இருந்த வழிகள் எல்லாமே கடினமானவை. வரிக்குச் சமமான பணத்தை முன்பணமாகக் கட்டி, மறு எல்லையில் திரும்பப் பெறச் சொல்லலாம்; ஏழு நாடுகளுக்கும் அப்படிக் கட்டினால் சிறிய நிறுவனத்தின் முதல் முழுவதும் சாலையிலேயே முடங்கிவிடும். ஒவ்வோர் எல்லையிலும் சரக்கை இறக்கி எண்ணிப் பார்த்து மறுபடி ஏற்றலாம். அதில் நாள்கள் போவதோடு பொருளும் சேதமாகும். காவலர் ஒருவரை லாரியுடன் அனுப்பலாம். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லாரிகள் வரும் எல்லையில் அது நடக்கிற காரியமா?

சுருக்கமாக: வரி கட்ட வேண்டாத சரக்கு, வரி கட்டாமல் விற்கப்பட்டுவிடுமோ என்ற அச்சம்தான் ஒவ்வோர் எல்லையையும் அடைத்து நின்றது.

பாத்திரக்கடை ஜாமீன்

கல்யாணத்துக்கு அண்டா, குண்டா வாடகைக்கு விடும் கடையை எண்ணிப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்து மண்டபம் பிடித்திருக்கும் ஒருவர் பாத்திரம் கேட்கிறார். கடைக்காரருக்கு அவர் யாரென்று தெரியாது. பாத்திரத்தோடு போய்விட்டால் தேடிப் போகவும் முடியாது. முழு விலையையும் முன்பணமாகக் கேட்டால் வந்தவரால் கட்ட முடியாது. இந்த நிலையில் கடைக்காரருக்கு நன்கு தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் "பாத்திரம் வராவிட்டால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் சிக்கல் தீர்ந்தது. வெளியூர்க்காரரை நம்ப வேண்டிய தேவையே கடைக்காரருக்கு இல்லை. அந்த உள்ளூர்க்காரருக்கும் வெளியூரில் தம்மைப் போன்ற ஒருவர் இருக்கிறார்; பணம் கைவிட்டுப் போனால் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்.

டி.ஐ.ஆர் முறையின் அடித்தளம் இதுதான். இதோடு, பாத்திரக்கடையில் இல்லாத இரண்டு ஏற்பாடுகள் அதில் சேர்ந்தன: சரக்கைத் தொட்டால் தெரிந்துவிடும்படி லாரியை அமைப்பது, எந்த நாட்டில் எது நடந்தது என்பதற்குத் தாளில் தடயம் வைப்பது.

போருக்குப் பின் ஐரோப்பாவை மீண்டும் கட்டியெழுப்பும்போது, 1949இல் சில நாடுகள் இதைச் சோதனையாகத் தொடங்கின. அது பயன் தரவே 1959இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் முழு உடன்படிக்கையாக ஆனது. இன்று நடைமுறையில் இருப்பது 1975இல் திருத்தி எழுதப்பட்ட வடிவம்.

கயிறும் முத்திரையும்

முதல் ஏற்பாடு லாரியின் உடலில் இருக்கிறது. அந்தக் காலத்து நெடுந்தூர டிரெய்லர்களில் பெரும்பாலானவை தார்ப்பாய் போர்த்தியவை. தட்டையான மேடை, பக்கப் பலகைகள், அவற்றின் மேல் இரும்புச் சட்டகம், எல்லாவற்றையும் மூடிய ஒரே பெரிய தார்ப்பாய். பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் இதை 'டில்ட்' என்பார்கள். கிரேனால் சரக்கை எடுக்க வேண்டுமானால் பாயைச் சுருட்டி, கூரைச் சட்டங்களை உருவி, பலகைகளையும் தூண்களையும் கழற்றி அடுக்க வேண்டும். குளிர்காலத்தில், பனியில் விறைத்த தார்ப்பாயோடு தனியாளாக அந்த வேலையைச் செய்தவர்கள் டில்ட்டைப் பற்றி அவ்வளவு ஏக்கத்தோடு பேச மாட்டார்கள்.

துணி போர்த்திய வண்டியை எப்படிப் பூட்டுவது? தார்ப்பாயின் விளிம்பு நெடுகக் கண்ணிகள் இருக்கும். டிரெய்லரின் உடலில் அவற்றுக்கு நேராக வளையங்கள் இருக்கும். கண்ணிகள் வளையங்களின் மேல் பொருந்தியதும், அந்த வளையங்களுக்குள் ஒரே கயிற்றை வண்டியைச் சுற்றி நுழைத்து, அதன் இரு முனைகளையும் சேர்த்துச் சுங்க அதிகாரி முத்திரையிடுவார். கயிற்றின் நடுவில் எஃகோ நூலோ இருக்கும். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. உள்ளே கயிற்றை வெட்டி ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த உறை. கயிறு ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்பது விதி.

தார்ப்பாய் கிழிந்தால்? ஒட்டுப்போடுவதற்கும் விதி உண்டு. தையலில் உட்புறம் மட்டும் தெரியும் நூல், வெளிப்புறம் தெரியும் நூலிலிருந்தும் தார்ப்பாயிலிருந்தும் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். வழியில் எவராவது தையலைப் பிரித்துச் சரக்கை எடுத்துவிட்டு வெளியிலிருந்தபடியே மீண்டும் தைத்தால், உட்புறத் தையலைப் பழையபடி அமைக்க முடியாது, நிறமே காட்டிக்கொடுத்துவிடும். திருடனைப் போலவே யோசித்து எழுதிய விதி என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இந்த விதிகளுக்கு ஏற்ப டிரெய்லர் அமைந்திருக்கிறது என்று அரசு தரும் சான்றிதழில் வண்டியின் படங்களும் சேர்ந்திருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி அதைப் புதுப்பிக்க வேண்டும்.

கார்னே என்ற தாள் கட்டு

இரண்டாவது ஏற்பாடு 'கார்னே'. இது காசோலைப் புத்தகத்தின் வடிவில் அமைந்த சுங்க ஆவணம். ஒரு லாரியின் ஒரு பயணத்துக்கு ஒன்று. அதில் வெள்ளைத் தாளும் பச்சைத் தாளும் மாறிமாறி வரும். சரக்கு கிளம்பும் நாட்டிலும், கடக்கும் ஒவ்வொரு நாட்டிலும், சேரும் நாட்டிலும் ஒரு வெள்ளை, ஒரு பச்சை என இரண்டு தாள்கள் செலவாகும். எனவே 14 தாள் கார்னே ஏழு நாடுகளுக்குப் போதும். 20 தாள் கார்னே பத்து நாடுகளுக்கு.

பல்கேரியாவிலிருந்து துருக்கிக்குள் நுழையும் கப்பிக்குலே எல்லையில் ஒரு லாரி நிற்பதாகக் கொள்வோம். துருக்கிச் சுங்க அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து, கயிறு எங்காவது விட்டிருக்கிறதா, பாயில் புதுத் தையல் இருக்கிறதா என்று பார்ப்பார். முத்திரையில் உள்ள எண்ணும் கார்னேயில் எழுதப்பட்ட எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுவார். சரியாக இருந்தால் வெள்ளைத் தாளில் முத்திரை குத்திக் கிழித்து எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் தங்கும் அடித்தாளில் பதிவு செய்து திருப்பித் தருவார். தார்ப்பாயைத் திறக்க மாட்டார். சில நாள்கள் கழித்து லாரி குர்புலாக்கில் ஈரானுக்குள் வெளியேறும்போது, அங்குள்ள துருக்கி அதிகாரி பச்சைத் தாளைக் கிழிப்பார். அந்தப் பச்சைத் தாள் நுழைவிடத்து வெள்ளைத் தாளோடு போய்ச் சேர்ந்துவிட்டால், 'உள்ளே வந்த சரக்கு வெளியே போய்விட்டது' என்று துருக்கியின் கணக்கு முடிந்தது. சேராவிட்டால், சரக்கு துருக்கியில் எங்கோ இறங்கிவிட்டது என்று பொருள்.

இதில் கவனிக்க வேண்டியது, லண்டனில் சரக்கு ஏறும்போது பிரிட்டிஷ் அதிகாரி பார்த்து வைத்த முத்திரையைத் துருக்கி அதிகாரி ஏற்றுக்கொள்கிறார் என்பது. ஒரு நாட்டின் சோதனையை மற்ற நாடுகள் மதிப்பது இந்த உடன்படிக்கையின் தூண்களில் ஒன்று. சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. பார்த்தபின் தன் முத்திரையை இட்டு, அதைக் கார்னேயில் எழுத வேண்டும். 'டி.ஐ.ஆர் இருந்தால் சோதனையே இல்லை' என்பது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். சோதனை உண்டு, ஆனால் வழக்கமாக அது சரக்கின்மேல் நடக்காமல் கயிற்றின்மேலும் முத்திரையின்மேலும் நடக்கிறது.

பணத்துக்கு யார் பொறுப்பு?

பச்சைத் தாள் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். துருக்கிச் சுங்கத்துறை முதலில் கார்னேயை வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனத்திடம் வரியைக் கேட்கும். அது இங்கிலாந்தில் இருக்கலாம், திவாலாகியும் இருக்கலாம். எனவே பாத்திரக்கடை உதாரணத்தின் உள்ளூர்க்காரரைப் போலத் துருக்கியிலேயே இருக்கும் ஜாமீன் சங்கத்திடம் கேட்கும். அந்தச் சங்கம் பணத்தைக் கட்டிவிட்டு, சங்கிலி வழியாகத் திரும்பப் பெறும். சங்கிலியின் நடுவில் ஜெனீவாவில் 1948இல் தொடங்கப்பட்ட சர்வதேச சாலைப் போக்குவரத்துச் சங்கமும் அதன் காப்பீட்டு நிறுவனங்களும் இருக்கின்றன. மறுமுனையில் கார்னேயை வழங்கிய பிரிட்டிஷ் சங்கமும் அந்தப் போக்குவரத்து நிறுவனமும். கார்னேக்களை அச்சிட்டு ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் வழங்குவதும் ஜெனீவாச் சங்கமே. ஜாமீன் தொகைக்கு வரம்பு உண்டு. ஒரு கார்னேக்கு 50,000 அமெரிக்க டாலர் என்பதே நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்ட உச்சம்.

நீலப் பலகைக்கு இப்போது வருவோம். 25 செ.மீ. உயரமும் 40 செ.மீ. அகலமும் கொண்ட அந்தப் பலகை முன்னும் பின்னும் இருக்க வேண்டும். 'இந்த வண்டி இப்போது கார்னேயின் கீழ் ஓடுகிறது' என்று அறிவிப்பதே அதன் ஒரே வேலை. கார்னே முடிந்ததும் பலகையைக் கழற்றவோ மறைக்கவோ வேண்டும். அதனால்தான் பல வண்டிகளில் அது நடுவில் மடங்கும்படி இருந்தது.

சுருக்கமாக: முத்திரையிட்ட வண்டி, தடயம் விடும் தாள், உள்ளூர் ஜாமீன், ஒரு நாட்டின் சோதனையை மறுநாடு ஏற்பது ஆகியவை சேர்ந்ததே டி.ஐ.ஆர். நிறுவனமும் அல்ல, லாரி வகையும் அல்ல.

அது தராதவை

கார்னே சரக்கின் வரியைப் பற்றியது மட்டுமே. லாரி ஒரு நாட்டின் சாலையில் ஓடலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு நாடுகள் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் தனி உரிமங்கள் இருந்தன. 1970களில் மேற்கு ஜெர்மனிக்கான உரிமங்கள் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குப் போதவே இல்லை. கிடைக்காதவர்கள் கொலோனில் லாரியை ரயிலில் ஏற்றி, இரவோடு இரவாக லுட்விக்ஸ்பர்க்கில் இறக்கி ஓட்டிச் சென்றார்கள். ரயிலில் போகும் தூரத்துக்குச் சாலை உரிமம் கணக்கில் வராது. கார்னே கையில் இருந்தும் ரயிலில் ஏற வேண்டியிருந்தது என்பதே இரண்டும் வெவ்வேறு என்பதற்குப் போதுமான சான்று.

ஓட்டுநரின் விசா, டீசல் வரி, எல்லையில் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட வரிசை ஆகிய எதையும் கார்னே குறைக்கவில்லை. தாஹிர் கணவாயின் பனியையும் சேற்றையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெல்கிரேடின் நேஷனல் ஓட்டலும், இஸ்தான்புல்லின் லண்ட்ரா கேம்பிங்கும் ஓட்டுநர்களின் நினைவுகளில் இவ்வளவு பெரிய இடம் பிடித்திருப்பதற்கு அவற்றின் உணவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஓட்டுநர்கள் அங்கே ஒருவரை ஒருவர் சந்தித்து, முன்னால் சாலை எப்படி, எந்த எல்லையில் எத்தனை நாள் காத்திருப்பு என்று தெரிந்துகொண்டார்கள்.

நிறுவனங்கள் ஏன் மறைந்தன?

ஆஸ்ட்ரான் என்று பின்னர் அறியப்பட்ட பிரிட்டனின் ஏஷியன் டிரான்ஸ்போர்ட், 1960களிலேயே காபூல்வரை லாரி ஓட்டி இந்தத் தொழிலுக்கு வழி திறந்தது. மறுபுறம் ஹங்கேரியின் ஹங்கரோகேமியன், பல்கேரியாவின் சோமாட், சோவியத் ஒன்றியத்தின் சோவ்டிரான்ஸ்அவ்டோ போன்ற அரசு நிறுவனங்கள் இருந்தன. கம்யூனிச நாடுகளுக்கு டாலரும் மேற்கு ஜெர்மனியின் மார்க்கும் தேவைப்பட்டன. மேற்கு நாடுகளின் சரக்கைச் சுமந்தால் அவை கிடைக்கும். சோசலிச அரசின் லாரி முதலாளித்துவ நாட்டின் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஈரானுக்கு ஓடியதன் பின்னணி இவ்வளவுதான்.

1979இல் ஈரானியப் புரட்சியும், 1980இல் ஈரான்-ஈராக் போரும் கிழக்கு முனையைக் குலைத்தன. வளைகுடாத் துறைமுகங்கள் விரிவடைந்து, கொள்கலன் கப்பல்கள் வந்தபின் லாரிக்கான அவசரம் குறைந்தது. 1991இல் யுகோஸ்லாவியா உடைந்து நடுவழியும் அடைபட்டது. அரசு நிறுவனங்கள் தனியார் கைக்குப் போயின. சோமாட்டை ஜெர்மனியின் வில்லி பெட்ஸ் நிறுவனம் வாங்கியது. 1993 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொதுச்சந்தை வந்ததும், அதன் உள் எல்லைகளில் சுங்கமே இல்லாமல் போனது.

ஆனால் டி.ஐ.ஆர் இந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது என்று எண்ணுவது இன்னொரு பிழை. சோவியத் ஒன்றியம் உடைந்து புதிய எல்லைகள் முளைத்தபோது அதன் தேவை முன்னைவிடக் கூடியது. சிகரெட், மதுக் கடத்தலால் 1990களில் ஜாமீன் கோரிக்கைகள் குவிந்து காப்பீட்டாளர்கள் பின்வாங்கிய நெருக்கடியும் வந்தது. அதன்பின் கார்னே யாருக்குத் தரலாம் என்பதில் கடுமை கூடியது. 2000களின் நடுவில் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்னேக்கள் வழங்கப்பட்டன. ஏக்கத்தோடு பேசப்படும் பொற்காலத்துக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் உச்சம் வந்தது. அந்த உச்சக் காலத்து லாரிகளை இதுவரை எவரும் அவ்வளவு ஆசையாகப் படம் பிடித்ததாகத் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கே விரிந்தபின் எண்ணிக்கை சரிந்தது.

இந்தியா 2017 ஜூனில் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்து, மாநில எல்லைகளில் இருந்த விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. அதுவரை, வேறு மாநிலத்துக்குப் போகும் சரக்கைத் தமிழ்நாட்டின் வழியே கொண்டுசெல்ல 'டிரான்சிட் பாஸ்' என்ற வழிக்கடப்புச் சீட்டு வாங்கி, வெளியேறும் சாவடியில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்தச் சீட்டைக் கையாண்ட லாரிக்காரருக்கு வெள்ளைத் தாள், பச்சைத் தாள் கணக்கை விளக்க வேண்டியதே இல்லை.

பழைய படத்தை எப்படிப் பார்ப்பது?

இனி அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், பலகைக்கு முன் தார்ப்பாயின் விளிம்பைப் பாருங்கள். வளையங்களுக்குள் கயிறு விடாமல் ஓடியிருந்து, பலகையும் விரிந்திருந்தால் அந்த வண்டி அநேகமாக முத்திரையோடு, கார்னேயின் கீழ் போய்க்கொண்டிருக்கிறது. கயிறு உருவப்பட்டு, பலகை மடித்திருந்தால் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிறது என்று கருதலாம். கிழக்கிலிருந்து திரும்பி வர ஏற்றுமதிச் சரக்கு குறைவு என்பதால் அப்படித் திரும்பியவை ஏராளம். கேபினின் நெற்றியிலோ கதவிலோ மூன்று எழுத்தையும் பெயிண்டால் எழுதியிருந்தால், அது அழகுக்காக. மடிக்கவோ கழற்றவோ முடியாத எழுத்து சுங்க அதிகாரியிடம் எதையும் சொல்லாது. கண்காட்சிகளில் பளபளக்கும் சில வண்டிகளில் அப்படித்தான் எழுதியிருக்கும். அவற்றில் இங்கிலாந்தைத் தாண்டியிருக்க வாய்ப்பே இல்லாத உள்ளூர் லாரிகளும் உண்டு.